‘ஷ’ போட்ட பேட்டரி

சாமி மேடையிலிருந்து வந்த இனிப்பு வாடையை ஷாமளா முதலில் வாழைப்பழம் என்றுதான் நினைத்தாள். வியாழக்கிழமை வாங்கிய சீப்பு, ஈஜோக் ஊர் வெக்கையில் சனிக்கிழமைக்குள் கருத்துக் கசிந்திருக்கும், எறும்பும் வந்திருக்கும் என்று ஈரத் துணியோடு போய்ப் பழத்தை எடுத்து முகர்ந்தாள். பழத்தில் ஒரு குறையும் இல்லை. சந்தனக் கிண்ணத்தை முகர்ந்தாள், மாலையை முகர்ந்தாள், பொரிகடலைத் தட்டைக்கூட விடவில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் சர்க்கரைப் பாகை ஊற்றிக் கலக்கினால் வரக்கூடிய வாடை அது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாடை. பதினோரு வருடமாக வாரத்துக்கு ஆறு நாள் அதை முகர்ந்து கண்டுபிடிப்பதற்கும் சேர்த்துத்தான் அவளுக்குச் சம்பளம். வரக்கூடாத இடத்தில் வந்ததால் உடனே பிடிபடவில்லை.

மற்ற வீடுகளில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பள்ளிப் புத்தகம் இருக்கும். இந்த வீட்டில் படிக்கிற பிள்ளை இல்லை. அந்த இடத்தில் அவள் கணவன் விமலனின் ரிமோட் கார்கள் இரண்டு நின்றன. முழங்கை நீளம் இருக்கும் கார்கள். சந்தனமும் குங்குமமும் தெளித்து, சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் பெரிதாக இருக்கிறதென்று லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை எட்டைத் தேடி வாங்கி வந்து வைத்திருந்தான். நாற்பத்து மூன்று வயது மனிதன். லோரி ஓட்டுகிறவன். வீட்டுக் குழாய் மூன்று மாதமாக ஒழுகுகிறது, அதற்கு ஒரு வாஷர் வாங்க நேரமில்லை.

கார்களுக்குப் பக்கத்தில் வெற்றிலை மேல் நான்கு பேட்டரிகள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் துணி துவைக்கும் சோப்புக் கட்டி அளவு, நீல உறை, நடுவில் சந்தனம், அதன்மேல் பொட்டு. மூன்று தட்டையாக இருந்தன. நான்காவது உப்பிப்போய்க் குட்டித் தலையணை மாதிரி கிடந்தது. காய்ந்த சந்தனம் பாளம் பாளமாக வெடித்து, குங்குமப் பொட்டு இரண்டாகப் பிளந்திருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கைப் பூவால் அமர்த்த வேண்டும் என்ற நினைப்பெல்லாம் ஷாமளாவுக்கு வரவில்லை. ஈரத் துணியைப் போட்டு அமுக்கினாள்.

பேட்டரி விஷயத்தில் இந்த வீட்டில் சண்டை தொடங்கி மூன்று வருடமாகிறது. விமலன் முதலில் வைத்திருந்தது நிக்கல் பேட்டரி. ஆறு தடித்த உருளைகளைச் சேர்த்துக் கட்டிய செங்கல், நல்ல கனம். கீழே போட்டாலும், நிறைத்து வைத்தாலும், காலியாக மறந்து விட்டாலும் பொறுத்துக்கொண்டு மறுபடி வேலை செய்யும். அதன் குறை, ஓட ஓடக் காருக்கு மூச்சு வாங்கும். ஈஜோக்கில் மூடிப்போன தோட்டத்து லோரிக் களத்தில், முன்பு எண்ணெய்ச் செம்பனைக் குலைகளை எடை போட்ட இடத்தில், தண்ணீர்க் குழாயை வளைத்து வளைத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை ரேஸ் விடும் ஆண்கள் ஒவ்வொருவராக லித்தியத்துக்கு மாறினார்கள். பாதி கனம், கடைசி நிமிடம் வரைக்கும் அதே வேகம். விமலனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஷாமளா அப்போதே சொன்னாள். லித்தியம் வாங்குவதானால் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருப்பதை, பேர் தெரிந்த கடையில் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் இரண்டு செல்லையும் சமமாக நிறைக்கிற சார்ஜர் வேண்டும். ஓட்டி முடித்த அன்றே பாதி சார்ஜுக்குக் கொண்டுவந்துதான் எடுத்து வைக்க வேண்டும், முழுக்க நிறைத்துப் போட்டு வைத்தால் அது உள்ளேயே கெடும், உப்பும், ஒருநாள் எரியும். இதெல்லாம் முடியாது என்றால் நிக்கலே போதும், சோம்பேறிகளுக்கென்றே செய்த பேட்டரி அது என்றாள். களத்தில் இதைச் சொன்னபோது பக்கத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அக்கா பேட்டரிக்குப் பத்தியம் சொல்றாங்க என்றான் ஒருவன். அவர்களுக்குப் பேட்டரி என்றால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் சக்தி நூறு என்று போட்டிருந்தால் நூறு, நூற்றிருபது என்று போட்டிருந்தால் அது இன்னும் நல்ல பேட்டரி. தொப்பையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று, எண்ணைப் படிக்கத் தெரிந்ததையே ஒரு படிப்பாக நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது அன்றைக்கே அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது. அதன்பிறகு அவள் களத்துக்குப் போவதில்லை.

இன்றைக்குச் சரஸ்வதி பூஜை. இரண்டு நாள் முன்னதாகவே களத்து ஆண்கள் எல்லாரும் பேட்டரியைச் சாமிக்கு முன்னால் வைத்திருந்தார்கள். விஜயதசமியன்று காலையில் எடுத்து, அன்றைக்கே வருடத்தின் பெரிய ரேஸ். ‘அம்மாவுக்கு முன்னால காலிப் பேட்டரிய வைக்கக்கூடாது, நெறஞ்சுதான் இருக்கணும்’ என்று வாட்சப் குழுவில் எழுதியவன் விமலன்தான். நிறைகுடம் வைக்கிறோம், படியில் அரிசி நிறைத்து வைக்கிறோம், அது மாதிரி என்று விளக்கமும் எழுதியிருந்தான். இருபது பேர் கைகூப்பியிருந்தார்கள். இருபது வீட்டில் பேட்டரிகள் கழுத்துவரை நிறைந்து, பொட்டு வைத்துக்கொண்டு, விளக்குப் பக்கத்தில் படுத்திருந்தன. வியாழனன்று ஷாமளாவுக்கு ஓவர்டைம். வெள்ளியும் ஓவர்டைம். மேடைப் பக்கம் திரும்பிப் பார்க்கவே அவளுக்கு, பூஜைக்கு லீவு போட்ட இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

அவள் பெரிய பிஸ்கட் டின்னைக் காலி செய்து, வாசலில் சிமெண்டு போட்டபோது மிஞ்சிய மணலை அள்ளிப் போட்டாள். அடுப்பு இடுக்கியால் உப்பிய பேட்டரியைத் தூக்கினாள். குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்த விமலன் அதைப் பார்த்துப் பதறிப்போனான்.

“ஏய், கீழ வைலா அத. நாளைக்குப் புனர்பூஜ பண்ணித்தான் எடுக்கணும். அதுவரைக்கும் கை வைக்கக்கூடாது.”

அவள் இடுக்கியும் டின்னுமாக வெளியே போனாள். கால்வாய் ஓரத்தில் டின்னை வைத்துப் பேட்டரியை மணலில் இறக்கும்போது, வெயில் வெளிச்சத்தில், நீல உறை பக்கவாட்டில் தையல் விட்ட மாதிரி கிழிந்திருப்பது தெரிந்தது. கிழிசலுக்குள் வெள்ளித் தாள் பளபளத்தது. வெள்ளித் தாளில் ஒரு சிவப்புக் கோடு வளைந்து போயிற்று. இடுக்கி நுனியால் உறையை இன்னும் கொஞ்சம் விலக்கினாள். உப்பிய வயிற்றின் மேல், இழுபட்டு, அகலமாக, அவளுடைய எழுத்து இருந்தது. ‘ஷ’.

புக்கிட் பெருந்துங்கில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் கையடக்க மின்விசிறி செய்கிறார்கள். அதற்கு வரும் தட்டை செல்களைச் சோதிக்கும் மேசையில் ஐந்து பெண்கள். மீட்டரை வைத்துப் பார்ப்பது, விரலால் தடவிப் பார்ப்பது, ஓரத்தில் நசுங்கல் இருந்தால் முகர்ந்து பார்ப்பது. ஆகாத செல்லில் சிவப்புப் பேனாவால் எல்லாரும் ஒரு பெருக்கல் குறி போட்டு டிரம்மில் எறிவார்கள். நான்கு வருடத்துக்கு முன்பு, நல்ல செல்லையும் யாரோ கழித்துத் தள்ளுகிறார்கள் என்று மேலிடத்தில் கோபப்பட்டு, இனி யார் கழித்தது என்று தெரிய வேண்டும், ஆளுக்கொரு அடையாளம் போடுங்கள் என்றார்கள். ஒருத்தி பெருக்கல் குறிக்குக் கீழே புள்ளி வைத்தாள், ஒருத்தி இரண்டு புள்ளி, ஒருத்தி கோடு, ஒருத்தி வட்டம். ஷாமளா பெருக்கல் குறியை விட்டுவிட்டு வெறும் ‘ஷ’ என்று எழுதினாள். நேபாளத்துப் பெண்ணுக்கும் வங்காளத்துப் பெண்ணுக்கும் அது வரையத் தெரியாது. லைன் லீடர் அதைப் பார்த்து அழகாக இருக்கிறதே, என்ன பூ இது என்று கேட்டாள். ஷாமளாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. அவள் கழித்த செல் ஒன்றுகூட நல்லதென்று திரும்பி வந்ததில்லை. அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு எழுத்துத்தான்.

டிரம்கள் நிறைந்ததும் கழிவுக் குத்தகைக்காரரின் லோரி வந்து ஏற்றிப் போகும். அந்த லோரியை ஓட்டுவது விமலன். அந்த வேலையையும் அவள்தான் தொழிற்சாலை ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் சுகுமாரனிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தாள்.

எங்கே வாங்கியது என்று கேட்டபோது, பின்னாலேயே வந்து நின்ற விமலன் ஷா ஆலாமில் ஒரு கடை என்றான். கடைக்குப் பேர்கூடச் சொன்னான். அவள் டின்னை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். அவன் குனிந்து எழுத்தைப் பார்த்தான், பிறகு இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டான்.

“டிரம்முலேருந்துதான் எடுத்தேன். ஆனா எல்லாத்தையும் எடுக்கல. மத்தவங்க பெருக்கல் போட்டத நான் தொடவே இல்லலா. ஒன் எழுத்து போட்டிருந்தத மட்டும் பாத்துப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன்.”

“அது கழிச்சதுன்னு தெரியாதா?”

“பெருக்கல் போட்டாத்தானே கழிச்சது? நீ பேருல்ல போட்டிருக்க. பேரு போட்டா நல்லதுன்னுதானே அர்த்தம்? யாரோ தப்பா டிரம்முல போட்டுட்டாங்கன்னு நெனச்சேன்.”

ஷாமளா அவன் முகத்தையே பார்த்தாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவன் பொய் சொல்கிறானா, இல்லை நிஜமாகவே இவ்வளவுதானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. மீட்டர் வைத்துப் பார்க்க முடிந்தால் பார்த்திருப்பாள். வெயிலில் லோரியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, நெடியடிக்கும் டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு, ஆயிரம் செல்லுக்கு நடுவில் தன் மனைவியின் எழுத்தைத் தேடித் தேடி எடுக்கும் ஓர் ஆணை நினைத்துப் பார்த்தாள். அதில் கொஞ்சம் பிரியம்கூட இருந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்ததும் கால்வாயில் எச்சிலைத் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் செல்கள் நல்லவையாக இருந்தாலுமே காருக்கு ஆகாது. நிதானமாக ஒரு சின்ன விசிறியைச் சுற்ற வைப்பதற்குச் செய்தவை. ரேஸ் கார் ஒரே இழுப்பில் கேட்கும் சக்தியை அதனால் கொடுக்க முடியாது, கொதித்துப் போகும். இதை விமலனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டி, கம்பி பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் நீல உறையைப் போட்டு, மேலே நூறு என்று ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறான். ஸ்டிக்கரை அச்சடிக்க ராவாங் வரை போயிருக்கிறான். இந்தக் கையால்தானே நேற்று விபூதி எடுத்து என் நெற்றியில் வைத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

வேறு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவனை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை. இன்றைக்கு ‘நீங்க’ வாயில் வரவில்லை. அவனும் அதைக் கவனித்தான். சுகுமாரன் அண்ணனும் கார் விடுகிறாரே, அவருக்கு ஒன்று என்றான். என்ன சொல்லி விற்றாய் என்றாள்.

“என் வைஃப் செக் பண்ணதுன்னு சொன்னேன். அப்பிடித்தானே வாங்குறாங்க. ஒன் கைராசின்னுகூட சொன்னாங்க.”

‘ஷ’வைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மிச்சம் மூன்றையும் எடுத்து மணலில் புதைத்தாள். மேடையில் பழைய நிக்கல் பேட்டரி மட்டும் ஓரமாகக் கிடந்தது. அதற்கு அவன் பொட்டுக்கூட வைத்திருக்கவில்லை.

சுகுமாரன் வீட்டுக்குப் போன் செய்தாள். அவர் மனைவி இராஜம்மா எடுத்து, பூஜை இப்போதுதான் முடிந்தது, இரண்டு பேரும் சாப்பிட வாருங்கள் என்று சொல்லி, இவள் சொல்ல வந்ததைக் கேட்காமலே வைத்துவிட்டாள். தங்கள் குட்டிக் கஞ்சில் காரில் டின்னைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு புக்கிட் பெருந்துங் வரை ஷாமளா ஜன்னலை இறக்கியே வைத்திருந்தாள். அப்படியும் வாடை போகவில்லை. விமலன் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். ஒன்றுதான் உப்பியது, மற்றது நன்றாகத்தானே இருக்கிறது, வெயில்தான் காரணம், விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கலாம் என்றான். அவள் செம்பனை வரிசைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சுகுமாரனிடம் உண்மையைச் சொன்னால் திங்கட்கிழமை லோரி வேலை இருக்காது. தன் வேலையும் இருக்காது, கழித்த செல் தன் வீட்டுக்குள் போயிருக்கிறது, யார் நம்புவார்கள்? சொல்லாவிட்டால் அந்த வீட்டில் பேட்டரி நாளைக் காலைவரை விளக்குப் பக்கத்தில் இருக்கும்.

சுகுமாரன் வீட்டுக் கூடத்தில் மேடை பெரியது. படிக்கிற பிள்ளைகளின் புத்தகங்கள் அடுக்கி, பட்டுத் துணி போர்த்தி, அதன் மேலேயே காரையும் பேட்டரியையும் வைத்திருந்தார்கள். பேட்டரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் முழுக்க உப்பவில்லை, கீழே கிடக்கும் புத்தகம் அசைந்த மாதிரி சாய்ந்திருந்தது. நெய்விளக்கு, சாம்பிராணி, சர்க்கரைப் பொங்கல் வாசத்துக்கு அடியில் அந்த வாடை இருந்தது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. விமலன் உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு மேடைக்கு முன்னால் போய் நின்று, கண்ணை மூடிக் கும்பிட்டான். தன் கையால் ஒட்டி விற்ற குப்பைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதி எடுத்துப் பூசிக்கொண்டான். நடிப்பு என்றால்கூடப் பரவாயில்லை. அவன் உதடு நிஜமாகவே மந்திரம் சொல்லி அசைந்தது.

ஷாமளா பேட்டரியை எடுக்கக் கை நீட்டியதும் இராஜம்மா குறுக்கே வந்தாள்.

“அம்மாடி, நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். அம்மா காலடியில வெச்சத இப்ப எடுத்தா புள்ளைங்க படிப்பு என்னாவுறது? ஒனக்குத் தெரியாததா?”

அது கெட்டுப்போச்சுக்கா என்றாள் ஷாமளா. எப்படிக் கெடும், நீ செக் பண்ணது என்றுதானே விமலன் கொடுத்தான், அதனால்தானே புத்தகத்துக்கு மேலேயே வைத்தேன் என்றாள் இராஜம்மா. சோபாவில் வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த சுகுமாரன் சிரித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் மூன்று பட்டை. கையில் பொங்கல் கிண்ணம்.

“நான் செக் பண்ணதுதாங்க்கா. செக் பண்ணிட்டுக் கழிச்சது. குப்பையில போட்டத இவரு எடுத்து ஒட்டிக் குடுத்திருக்காரு.”

இராஜம்மாவுக்கு முதலில் புரியவில்லை. சுகுமாரனுக்கு உடனே புரிந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். இராஜம்மாவைத் தள்ளிவிட்டு அவரே பேட்டரியை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் ஷாமளா உறையைக் கிழித்துக் காட்டினாள். ‘ஷ’வைப் பார்த்ததும் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எத்தனை செய்தாய் என்று விமலனிடம் கேட்டார். ஏழு என்றான் விமலன், தரையைப் பார்த்துக்கொண்டு. நாலு எங்க வீட்டுல, ஒன்னு ஒங்களுக்கு என்றான். மிச்சம் இரண்டு குழுவில்தான் யாருக்கோ கொடுத்தேன், கை மாறியிருக்கும், யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை என்றான்.

சுகுமாரன் ஒரு நல்ல திட்டு திட்டுவார், அதைக் கேட்டுக் கொஞ்சமாவது மனம் ஆறும் என்று ஷாமளா எதிர்பார்த்தாள். அவர் குரலைத் தணித்துக்கொண்டு அவளிடம்தான் பேசினார்.

“தங்கச்சி, டிரம்மு வெளியேறுன கேட்பாஸ் சீட்டுல எல்லாம் ஏங் கையெழுத்துதான். இத இப்பிடியே விடுங்க. திங்கக்கிழம நான் அந்தச் செல்லு கணக்க சரிபண்ணிக்கிறேன். அந்த ரெண்டு பேட்டரிய விமலன் மெதுவாத் தேடிப்புடிச்சி, புதுசு வந்திருக்குன்னு சொல்லி மாத்திக் குடுக்கட்டும். குழுவுல எதையும் போட்டுடாதீங்க. ஓம் பேருதாம்மா நாறிடும்.”

அவர் நல்லவர். கோயில் கமிட்டியில் இருக்கிறார். திருவிழாவில் அன்னதானத்துக்கு இவர்தான் முன்னால் நிற்பார். இரண்டு வீட்டில் எது எப்போது எரியும் என்று தெரியாமல் கிடக்கிறது, இவர் பொங்கல் ஒட்டிய விரலைத் துடைத்துக்கொண்டு பேர் நாறும் என்கிறார். ஷாமளாவுக்கு யார் மேலேயும் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பழைய தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டால் அடியில் வழவழவென்று கையில் தட்டுமே, அந்த மாதிரி ஓர் அருவருப்புத்தான் உடம்பு முழுக்க இருந்தது. விமலன் அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது.

கிளம்பும்போது இராஜம்மா ஓடிவந்து ஒரு டப்பாவில் பொங்கலை அடைத்துக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. பூஜை வீட்டிலிருந்து வெறுங்கையோடு போகக்கூடாது என்றாள். சூடான டப்பாவை மடியிலும், ஐந்து பேட்டரி புதைத்த டின்னைக் கால்களுக்கு நடுவிலும் வைத்துக்கொண்டு ஷாமளா காரில் உட்கார்ந்தாள். நெய்யும் ஏலக்காயும் கீழே இருந்த அந்த வாடையும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் ஒரே இனிப்பாக மூக்கில் ஏறியது. வாழ்நாளில் இனிமேல் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பத்து நிமிடம் போனதும் விமலன் சாதாரணமாகச் சொன்னான், நாளைக்கு ரேஸுக்கு அந்தப் பழைய நிக்கலையே போட்டு ஓட்ட வேண்டியதுதான், மூன்றாவதாவது வரலாம் என்று.

காரை நிறுத்தச் சொன்னாள். ஈஜோக் போகும் சாலையில், செம்பனைக் காட்டோரம், வெறும் செம்மண் திட்டு ஒன்று இருந்தது. டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்கி, புல் இல்லாத இடமாகப் பார்த்து நடுவில் வைத்தாள். திரும்பி வந்து டேஷ்போர்டில் கிடந்த அவன் போனை எடுத்தாள். அந்தக் குழுவில் பெண்கள் யாரும் கிடையாது. அவன் பேரிலிருந்துதான் அனுப்ப வேண்டும். வீட்டில் எடுத்து வைத்த ‘ஷ’ படத்தைத் தன் போனிலிருந்து அதற்கு மாற்றிக் குழுவில் போட்டாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வேணாம் ஷாமளா, ரெண்டு பேருக்கும் வேல போயிடும்லா, அண்ணனே சொல்லிட்டாருல்ல என்றான். அவள் குரல் பதிவுப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேசினாள்.

“நான் விமலன் வைஃப் ஷாமளா பேசுறேன். அவருகிட்ட நீல கவர் போட்ட பேட்டரி வாங்குனவங்க கவனமாக் கேளுங்க. அது நான் ஃபேக்டரியில கழிச்சது. ஃபுல் சார்ஜ்ல இருக்கு, தீப்புடிச்சிக்கும். சாமிகிட்ட இருந்தாலும் பரவால்ல, இப்பவே எடுத்து வெளிய மண்ணுல போடுங்க. மொதல்ல வெளக்க அணைங்க.”

விரலை எடுத்தாள். போய்விட்டது. விமலன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். பிறகு அவள் இருக்கையில் விட்டுப் போன டப்பாவைத் திறந்தான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, விரலால் பொங்கலை அள்ளி வாயில் போட்டான். முந்திரியைத் தேடி எடுத்தான்.

ஷாமளா திட்டின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து போனைப் பார்த்தாள். பதில்கள் வரத் தொடங்கின. முதலில் ஒரு கும்பிடு. அடுத்து இன்னொரு கும்பிடு. ‘தகவலுக்கு நன்றி சிஸ்டர்.’ ‘நாளைக்குப் புனர்பூஜை முடிஞ்சதும் எடுத்துறோம் சிஸ்டர்.’ அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ‘பூஜைக்கு வெச்சத பாதியில எடுக்கக்கூடாதுங்க.’ ஒருவன் தன் வீட்டு மேடையைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். விளக்கு, தேங்காய், கார், நீலப் பேட்டரி, அதன் நடுவில் பெரிய பொட்டு. ‘நம்மளது நல்லாத்தான் இருக்கு. அக்கா கைராசி’ என்று கீழே எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பேட்டரியின் ஒரு மூலை வெற்றிலையிலிருந்து மேலே தூக்கியிருந்தது.

அந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றதும் மறுபடி போட்டாள். பின்னால் காரில் விமலன் டப்பாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது. எதிரே டின்னில் மணல் சமமாக, அவள் கையால் தட்டி விட்டபடியே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் முடியளவு ஒரு விரிசல் விழுந்து, மெதுவாக ஓரம்வரைக்கும் ஓடியது. விரிசலின் இரண்டு பக்கமும் மணல் கொஞ்சம் எழும்பி நின்றது, குங்குமம் பட்டுச் சிவந்திருந்தது. காதில் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.